நாய் பிடிக்காத மாப்பிள்ளை

இசபெல்லா கதை எழுதுகிறவள் என்பது தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் தெரியும். எப்படி எழுதுகிறாள் என்பது பக்கத்து நாற்காலியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ராஜாமணிக்கு மட்டும்தான் தெரியும். கதைக்கு ஆள் பிடிக்கும்போது மற்றவர்கள் பெயர் வைப்பார்கள், ஊர் வைப்பார்கள், வயசு வைப்பார்கள். இசபெல்லா முதலில் அந்த ஆள் என்ன வளர்க்கிறான் என்று பார்ப்பாள். அதை முடிவு பண்ணிவிட்டால் போதும், மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும் என்பாள்.

நாய் வளர்க்கிறவன் வீட்டுக்கு யார் வந்தாலும் முகம் மலர்கிறவன். பூனை வளர்க்கிறவள் யாரிடமும் எதையும் எதிர்பார்க்காதவள். கிளி வளர்க்கிறவர்களுக்குத் தங்கள் குரலைத் தாங்களே கேட்க ஆசை. புறா வளர்க்கிற பையன் என்றைக்காவது வீட்டை விட்டு ஓடுவான். மீன் தொட்டி வைத்திருக்கிற அதிகாரி லஞ்சம் வாங்குவான். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் வாங்குவான். எதையும் வளர்க்காதவன், எந்தப் பிராணியையும் கிட்டே சேர்க்காதவன் இருக்கிறானே, அவன்தான் வில்லன்.

"அப்ப எங்கூட்டுக்காரரை எதுல சேக்கறது? மூட்டைப்பூச்சி தவிர அவரு ஒண்ணும் வளக்கலியே" என்று ராஜாமணி ஒரு நாள் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சேலத்து டிரங்க் கால் ஒன்று தவறிப் போனது.

இந்த வழியை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆரம்பத்தில் அனுப்பிய கதைகளெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அப்புறம் ஒரு விதவையைப் பற்றி எழுதினாள். எழுதி முடித்தும் அந்தப் பெண் பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சரி போ என்று அவள் மடியில் ஒரு நொண்டிப் பூனையைத் தூக்கிப் போட்டாள். பூனை ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பெண் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். சென்னை வாரப் பத்திரிகை ஒன்று அந்தக் கதையைப் போட்டது. பூனை கண்ணிலேயே நிற்கிறது என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் பாராட்டி வேறு எழுதிவிட்டார். போதாதா? அதற்குப் பிறகு ஆட்டையோ கோழியையோ சேர்க்காமல் அவள் ஒரு கதையும் எழுதியதில்லை. கதையோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ரோட்டில் போகிற ஆளையும் அதே கணக்கில் பார்க்க ஆரம்பித்தாள், அங்கேதான் வந்தது வினை.

எண்பத்து நாலாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பாப்பாரப்பட்டி போகிற ரோட்டில், மாதா கோயிலை ஒட்டின தெருவில் அவர்கள் வீடு. அப்பா மதலைமுத்து கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற விவசாயி. அம்மா ராயம்மாள் வாயைத் திறந்தால் மூடாதவள், மனசு தங்கம். அப்புறம் ஜிம்மி. செவலை நிறத்து நாட்டு நாய். பெயர்தான் இங்கிலீஷ், தின்பது கேழ்வரகுக் களி.

மாப்பிள்ளை சின்னப்பராஜ் காரிமங்கலத்துக்காரன். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பஸ்சில் கண்டக்டர். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பெண் பார்க்க வந்த இடத்திலும் காதில் செருகிய பென்சிலை எடுக்க மறந்து வந்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா வேளாங்கண்ணி அதைக் கவனித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த இசபெல்லாவுக்கு அந்தப் பென்சில் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஜிம்மி உள்ளே வந்தது. வழக்கம்போல வந்தவர் காலை முகர்ந்து பார்த்து வாலை ஆட்டத்தான் போனது. சின்னப்பராஜ் குனிந்து பார்த்தான். அடுத்த நொடி இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டான். தூக்குகிற வேகத்தில் ஒரு கால் ஜிம்மியின் மோவாயில் பலமாகப் பட்டது. நாய் கத்திக்கொண்டு வெளியே ஓடியது. மாப்பிள்ளை கையிலிருந்த காபி வேட்டியெல்லாம் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், "அதைக் கட்டிப் போடுங்க" என்று மட்டும் சொன்னான்.

இசபெல்லாவுக்குச் சுருக்கென்றது. அவர்கள் போன பிறகு அம்மாவிடம், "நாயை ஒதைக்கற ஆளும்மா. எனக்கென்னமோ புடிக்கல" என்றாள்.

"அடியே, நாய்க்கா பொண்ணு குடுக்கறோம்?" என்றாள் ராயம்மாள். "கவர்மென்ட் உத்தியோகம். குடி கெடையாது. போறப்ப என்ன கேட்டாரு தெரியுமா? உங்க பொண்ணு எழுதுன கதை இருந்தா ஒண்ணு குடுங்க, படிச்சுட்டுத் தர்றேன்னு கேட்டாரு. இந்த ஜில்லாவுல வேற எவன் கேப்பான்?"

அதுவும் நியாயம்தான். இருபத்தேழு வயசாகிவிட்டது, இன்னும் எத்தனை பேருக்குக் காபி தூக்கிக்கொண்டு வந்து நிற்பது? சரி என்று சொல்லிவிட்டாள். பூனைக் கதை வந்த இதழைக் கொடுத்து அனுப்பினார்கள். அவன் அதற்கு நியூஸ்பேப்பரில் அட்டை போட்டுத் திருப்பி அனுப்பினான். பூனை நல்லா இருந்ததுங்க என்று சொல்லச் சொன்னானாம்.

வாய் சரி என்றது, மனசு ஆறவில்லை. ஆறாத மனசை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. பத்திரிகையிலிருந்தும் கதை கேட்டிருந்தார்கள். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். கண்டக்டரை ரேஷன் கடைக்காரன் ஆக்கினாள். அது ஒன்றைத்தான் மாற்றினாள். புருவத் தழும்பு, காதுப் பென்சில், நாற்காலி மேல் தூக்கிய கால், கொட்டிய காபி எல்லாம் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டன. கதையில் அவன் நாய்க்குட்டியை எட்டி உதைக்கிறான். பசித்து வந்த கிழவியை வரிசையிலிருந்து தள்ளுகிறான். பெற்ற தாய்க்கு ஒரு வாய் கஞ்சி ஊற்ற மாட்டேன் என்கிறான். கடைசி வரியை எழுதிவிட்டுத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள். "ஒரு நாய்க்குட்டியைத் தூக்கத் தெரியாதவனுக்கு எந்த உயிரையும் தூக்கத் தெரியாது." ராஜாமணியிடம் படித்துக் காட்டியபோது அவள், "வரி நல்லாத்தான் இருக்குது. ஆளு யாருடி?" என்றாள். "யாருமில்ல" என்று சொல்லித் தபாலில் சேர்த்துவிட்டாள்.

கல்யாணம் குறித்தாகிவிட்டது. அவர்கள் வழக்கப்படி ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடவார்கள் என்று இரண்டு ஊர்க் கோயிலிலும் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி. முதல் ஓலையில் தன் பெயரைக் கேட்டபோது இசபெல்லாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் இருந்தவர்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

அந்த வாரம் வேலை முடிந்து அவள் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பாப்பாரப்பட்டி பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தாள். சின்னப்பராஜின் பஸ்சும் நேரத்துக்காக நின்றுகொண்டிருந்தது. அவன் தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தோடு அவளிடம் வந்தான்.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தனுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஜிம்மிய நம்ம வூட்டுக்கே கூட்டியாந்துருங்க."

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "உங்களுக்குத்தான் நாயின்னா ஆகாதே?"

"ஆகாதுதானுங்க. பழகிக்கலாம்னு பாக்கறேன்." டீக்கடையில் வாங்கிய பன் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். பஸ் ஸ்டாண்டில் எப்போதும் திரிகிற கறுப்பு நாய் ஒன்று தூரத்தில் அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் பன்னைப் பிய்த்து வீசினான். நாய் இரண்டடி முன்னால் வந்ததும் இவன் இரண்டடி பின்னால் போய் இசபெல்லாவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். நெற்றி வேர்த்துவிட்டது. "தெனமும் போடறேன். முன்னெல்லாம் அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னுதான் போடுவேன். இப்ப இவ்ளோ தூரம் வந்துருக்கறேன். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. "ஏங்க அவ்ளோ பயம்?"

அவன் நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தானுங்க, சவரின்னு. சந்தையில கெடந்த ஒரு குட்டிய நாந்தான் சட்டைக்குள்ள போட்டு வூட்டுக்குத் தூக்கியாந்தேன். வெளையாடறப்ப அது அவனைக் கடிச்சிருச்சு. பல்லு பட்ட மாதிரி சின்னக் காயம். அம்மாகிட்டச் சொன்னா குட்டிய வெரட்டிருவாங்கன்னு, நாந்தான் சொல்லாதடான்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்." பன்னில் இன்னொரு துண்டைப் பிய்த்து வீசினான். "கொஞ்ச நாள் கழிச்சு தண்ணியக் கண்டா அலற ஆரம்பிச்சான். அப்ப நல்ல மழை, ஓடையில தண்ணி போவுது, பஸ் வரல. அப்பா பெங்களூர்ல கல்லு வேலைக்குப் போயிருந்தாரு. அம்மா பாதி வழியிலயே ஒக்காந்துட்டாங்க. நாந்தான் முதுவுல தூக்கிக்கிட்டு வந்தேன், தருமபுரி ஆஸ்பத்திரி வரைக்கும். முடியாதுன்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்லைங்க. வரவேண்டிய நாள்ல நாங்க வரல."

கறுப்பு நாய் பன்னைத் தின்றுவிட்டு வாலை ஆட்டியது.

"அன்னிக்கு உங்க நாயை நான் ஒதைக்கலீங்க. காலு தானா வந்துருச்சு. வூட்டுக்குப் போயும் மனசே சரியில்ல. இதையெல்லாம் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

அட பாவிப் பெண்ணே, அந்த நிமிஷம் நீ சொல்லியிருக்கலாமே! நான் இப்படி ஒன்று எழுதித் தொலைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. அவன் கொஞ்சம் முகம் சுருங்கியிருப்பான், அப்புறம் பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டு போகட்டும் விடுங்க என்றிருப்பான். வாய் வரை வந்ததுதான். ஆனால் அவன் அப்படி நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை போய்விடுமே என்று பயந்தாள். டிரைவர் கோவிந்தன் ஹாரன் அடித்தார். "வர்றனுங்க" என்று சின்னப்பராஜ் ஓடிப் போய்ப் படியில் தொற்றிக்கொண்டான். அன்றைக்குத்தான் அவளுக்கு அவன் மேல் ஆசை வந்தது. வந்த அன்றே தபாலில் போட்ட கதையும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் டூட்டிக்கு வந்ததும் முதல் வேலையாகச் சென்னைப் பத்திரிகை ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டாள். உதவி ஆசிரியர்தான் எடுத்தார்.

"உங்க கதைதானே? பிரமாதம்மா. அச்சுல ஏறிடுச்சு. நாற்காலி மேல காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கிற மாதிரி படம் கூடப் போட்டாச்சு. ஏன், எதாவது திருத்தமா?"

"கதையே வேண்டாம் சார். எப்பிடியாச்சும் எடுத்துருங்க."

எதிர்முனையில் அவர் சிரித்தார். "கதையைப் போடுங்கன்னுதான் எல்லாரும் போன் பண்ணுவாங்க. நீங்க வித்தியாசமான ஆளா இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ராஜாமணி ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளை ஒரு முறை முறைத்தாள். "இப்பவாச்சும் போயி அவருகிட்டச் சொல்லிருடி. நீயாச் சொன்னா ஒரு திட்டோட போயிரும். புஸ்தகத்துல பாத்தாருன்னா போவாது."

"கல்யாணம் முடியட்டுங்க்கா. அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கறேன். அவருக்கு எங்க படிக்க நேரம்? விடியப் போனா ராத்திரிதான் வராரு."

கதை எழுதத் தெரிந்தவளுக்குத் தனக்குத்தானே ஒரு கதை சொல்லிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அதற்குள் அவன் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டில் வந்து பேசினான். கறுப்பு நாய் அவனுக்கு ஒரு முழம் தூரம் வரை வந்துவிட்டது. மூன்றாவது ஓலைக்குள் தொட்டுவிடுவேன் என்று சவால் விட்டான். அவள் சிரித்தாள். கதையைப் பற்றி மூச்சு விடவில்லை.

பத்திரிகை வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வரும். இசபெல்லா அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். பத்திரிகை விற்கிற பெரியண்ணன் கடையில் புது இதழ்கள் கயிற்றில் தொங்கின. அட்டையிலேயே அவள் பெயர். "அண்ணா, இருக்கறது எல்லாத்தையும் குடுங்க" என்றாள். பெரியண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"கல்யாணத்துக்குத் தாம்பூலத்தோட குடுக்கப் போறியாம்மா? குடு குடு. காரிமங்கலத்துக்கு நீ கவலப்பட வேண்டாம். அந்த ஊரு கடைக்குப் போற கட்டு மொத பஸ்சுக்கே போயிருச்சு. உங்க வூட்டுக்காரருதான் கையோட எடுத்துட்டுப் போனாரு. அட்டையில உன் பேரைக் காட்டினேன் பாரு, மனுஷன் மொகத்த நீ பாத்திருக்கணும். தனக்குன்னு வேற நாலஞ்சு வாங்கிக்கிட்டாரு. எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்னாரு."

இதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். எதிரே காரிமங்கலம் வழியாகப் போகிற பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறியிருந்தால் அவன் பஸ்சை எங்கேயாவது மடக்கிப் பிடித்திருக்கலாம். அவன் வீட்டு வாசலிலாவது போய் நின்றிருக்கலாம். ஏறவில்லை. கால் வரவில்லை என்று பின்னால் ராஜாமணியிடம் சொன்னாள். அவன் கால் தானாக எழுந்தது, இவள் கால் எழவே இல்லை.

சனிக்கிழமை கோவிந்தன் எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்தார். சின்னப்பராஜோடு வருஷக்கணக்காக ஒரே பஸ் ஓட்டுகிறவர், வீட்டுக்குள் போய்ச் சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து சாயங்காலம் நானும் அங்கதான் இருந்தேம்மா. கல்யாண ஜவுளி எடுக்கச் சொந்தக்காரங்கெல்லாம் வந்து வூடு நெறைய ஜனம். அவங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதில்ல. நீயே படிடா, மருமவ என்ன எழுதியிருக்கான்னு எல்லாருங் கேக்கலாம்னாங்க. இவனும் எந்திரிச்சு நின்னு சத்தமாப் படிச்சான். மொதல்ல பென்சில் வந்துச்சு, எல்லாருஞ் சிரிச்சாங்க. உன்னையத்தாண்டா எழுதியிருக்குதுன்னாங்க. இவனும் சிரிச்சான். அப்புறம் நாற்காலி வந்துச்சு. நாயி வந்துச்சு." கோவிந்தன் நிறுத்தினார். "நிறுத்துடான்னு நாஞ் சொன்னேன். கேக்கலம்மா. கடைசி வரைக்கும் படிச்சான். ஒரு எழுத்து வுடாம."

"கடைசி வரிய?"

"அதையுந்தான். படிச்சுட்டு மடிச்சு அவங்கம்மா கையில குடுத்துட்டு வெளிய போயிட்டான். இன்னிக்கு டூட்டிக்கு வரல."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இசபெல்லா முன்வரிசையில் போய் முட்டி போட்டாள். பிரசங்கம் முடிந்தது. சாமியார் ஓலைத் தாளை எடுத்தார். முதலில் ஒரு பெயர் வாசித்தார், தெருக்கோடி தெரசாவுக்கு. அது முதல் ஓலை. இன்னொன்று வாசித்தார். அது இரண்டாவது ஓலை. தாளை மடித்து வைத்துவிட்டு விசுவாசப் பிரமாண ஜெபம் சொல்ல எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். ராயம்மாள் மகளைப் பார்த்தாள், மதலைமுத்து தரையைப் பார்த்தார். யாரும் முக்காட்டுக்குள் சிரிக்கவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று காரிமங்கலத்துச் சாமியார் முந்தின நாளே ஆள் அனுப்பிவிட்டார் என்பது அப்புறம் தெரிந்தது.

அன்று மத்தியானமே அப்பாவை அழைத்துக்கொண்டு காரிமங்கலம் போனாள். வேளாங்கண்ணி கதவைத் திறந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார்கள். "வாங்க, உள்ள வாங்க" என்று பாய் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இசபெல்லாவால் குடிக்க முடியவில்லை.

"அத்தே, நான் தெரியாமப் பண்ணிட்டேன். அவரு சொல்றதுக்கு முன்னாடியே எழுதி அனுப்பிட்டேன் அத்தே."

"தெரியாமத்தான் பண்ணியிருப்பே. தெரிஞ்சு யாரு பண்ணுவா?" வேளாங்கண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்குக் கஞ்சி ஊத்த மாட்டான்னு எழுதியிருந்தே, அது போவட்டும், கதை. ஆனா, தூக்கத் தெரியாதுன்னு எழுதிட்டியே கண்ணு. நான் ரோட்டுல ஒக்காந்துட்டேன். எம்மவன் ஒக்காரல. பதிமூணு வயசுப் பையன். முதுவுல கெடந்தவன் இவன் தோளையெல்லாம் பெறாண்டி வெச்சிருந்தான். அப்பவும் எறக்கி வுடல. அவனுக்குத் தூக்கத் தெரியாதா?"

இசபெல்லா குலுங்கிக் குலுங்கி அழுதாள். மதலைமுத்து வாசலுக்குப் போய்விட்டார்.

சின்னப்பராஜ் கொல்லைப்புறத்திலிருந்து வந்தான். காதில் பென்சில் இல்லை. கோபமும் இல்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"அழாதீங்க. நீங்க பாத்ததைத்தான் எழுதுனீங்க. எனக்கு அதுல ஒண்ணுமில்ல."

"அப்ப ஓலையை ஏங்க நிறுத்தச் சொன்னீங்க?"

அவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். "தம்பியப் பத்தி உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, அன்னிக்கு. அப்பவே அந்தக் கதைய நீங்க எழுதி அனுப்பியிருந்தீங்க. நானும் அதுக்கப்புறம் ரெண்டு தடவை வந்து பேசிட்டுப் போனேன். நாயிக்கிட்ட இவ்ளோ தூரம் வந்துட்டேன்னு சின்னப் பையனாட்டம் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்களும் சிரிச்சீங்க." அவன் குரல் அப்போதுதான் உடைந்தது. "எழுதுனது போவட்டுங்க. தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களே. இனிமே நான் எதைச் சொன்னாலும், உள்ளுக்குள்ள நீங்க என்ன வெச்சிருக்கீங்களோன்னுதான் எனக்குத் தோணும். அப்பிடி ஒரு வூட்டுல ரெண்டு பேரும் எப்பிடிங்க இருக்கறது?"

அவள் எழுந்து, குடிக்காத மோரை வேளாங்கண்ணியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

திரும்பி வரும்போது வீட்டு வாசலில் ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. வாசலில் யார் வந்தாலும் ஆட்டுகிற அதே ஆட்டம்தான். அவள் அதைத் தொடாமல் உள்ளே போனாள். அந்தக் கதைக்குப் பத்திரிகைக்காரர்கள் பெட்டி கட்டிப் பாராட்டுக் கடிதங்கள் போட்டார்கள். கடைசி வரி நெஞ்சைத் தொட்டது என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். அடுத்த கதை எப்போது என்று உதவி ஆசிரியர் போனில் கேட்டார். ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு ஆளை யோசித்தாள். அவன் என்ன வளர்க்கிறான் என்று கேள்வி வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

ஆவணி மாசம் ஒரு சாயங்காலம், நல்ல தூறல். கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டிய வேலை ஒன்று இருந்தது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற பஸ்சுக்கு வரிசையில் நின்ற பிறகுதான் ஸ்டியரிங்கில் கோவிந்தன் இருப்பதைப் பார்த்தாள். விலகிப் போய்விடலாம் என்று திரும்பினாள்.

கோவிந்தன் ஹாரன் அடித்தார். கிளம்ப நேரமாகிவிட்டது. மறுபடியும் அடித்தார். "நாயி படுத்துருக்குது, சக்கரத்துக்கிட்ட" என்று யாரோ கத்தினார்கள். அதே கறுப்பு நாய். மழைக்கு ஒதுங்கிப் பின் சக்கரத்தடியில் சுருண்டு கிடந்தது. ஒருவன் கல்லெடுத்தான்.

"கல்லக் கீழ போடுங்க" என்று சொல்லிக்கொண்டே சின்னப்பராஜ் படியிலிருந்து இறங்கினான். தோல் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்தான். திரும்பிப் போகப் பார்த்த அவள் வரிசையிலேயே நின்றுவிட்டாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கொதிக்கிற சோற்றுப் பானையை இறக்குகிறவன் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அந்த நாயைத் தூக்கினான். ஈரத்தோடு அதை மார்பில் சாய்த்து நடந்து போய், பெரியண்ணன் கடை ஓரம் தூறல் படாத இடத்தில் இறக்கிவிட்டான். நாய் அவன் கையை நக்கியது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவன் திரும்பிப் பார்த்திருந்தால் அவள் நிற்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. சட்டையில் பட்ட சேற்றைத் தட்டிவிட்டுப் படியில் ஏறி, "காரிமங்கலம், கிருஷ்ணகிரி எல்லாம் ஏறுங்க" என்று கூப்பிட்டான். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அவளைத் தாண்டிப் போய் ஏறினார்கள். அவன் விசில் ஊதினான். பஸ் கிளம்பிப் போய்விட்டது.